மெலேக்குள் பேசிய தமிழ்

புதுச்சேரி கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் என் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் பையன், "ஐயா, சின்ன வயசுல மூட்டை தூக்கினீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தத் தேய்மானம் மூட்டையால் வந்தது இல்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஜான்சி. என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பெண் பிள்ளைகளைச் சேர்த்து ரக்பி சொல்லிக்கொடுக்கிறாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தாத்தா, ரக்பி ஆடினேன்னு சொல்றதுக்கென்ன? வெக்கமா?"

"மொதல்ல ரக்பின்னா என்னன்னு சொல்லணும். அப்புறம் மெலேன்னா என்னன்னு சொல்லணும். பின்னாடி நூறு பேரு நிக்கிறாங்க."

"அப்போ எங்களுக்குச் சொல்லுங்க. டீமுக்கு மலர் போடறோம். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராது."

"பேசவும்தான் வராது உங்களுக்கு. ஏதாவது ஒண்ணு பண்ணுங்க."

பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்னொன்று கேட்டாள். இப்போதெல்லாம் மெலேயில் ஒரு பிள்ளை 'கழுத்து' என்று கத்தினால் நடுவர் உடனே விசில் ஊதிவிடுகிறார். எல்லாரும் அப்படியே நின்றுவிட வேண்டும். "உங்க காலத்துல என்ன பண்ணுவீங்க தாத்தா?"

பஸ் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாவதோடு படிப்பு முடிந்தது. பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கினேன். அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதனால் எனக்கும் இருந்தது. வயது வந்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனேன். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவன் அப்படிப் போனான். பிரான்சுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஊரில் போட்டார்கள். கூட வந்த தமிழ்ப் பையன்களை ஒவ்வொருவராக வேறு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கடைசியில் நான் ஒருத்தன்தான் மிச்சம்.

ரக்பியில் சேர்ந்தது உருளைக்கிழங்கால். சமையற்கட்டுக்கு லாரியில் மூட்டை வந்தது. மற்றவர்கள் தோளில் வைத்துத் தள்ளாடினார்கள். நான் மார்க்கெட் பழக்கத்தில் தலையில் வைத்துக் கையை வீசிக்கொண்டு நடந்தேன். அதைக் காப்பித்தேன் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பித்தேன் என்றால் எங்கள் பிரிவின் அதிகாரி. பட்டாள ரக்பி அணிக்கும் அவர்தான் பொறுப்பு. கிட்டே வந்து இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பது போல. "மூன்று மணிக்கு மைதானத்துக்கு வா" என்றார். ரக்பி என்ன என்பதே எனக்குத் தெரியாது. போனேன்.

மெலே என்ன என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரெதிரே முட்டிக்கொண்டு தள்ளுவார்கள். நடுவில் ஒரு சந்து இருக்கும். அதில் பந்தை உருட்டி விடுவார்கள். முன்வரிசையில் மூன்று பேர். இரண்டு ஓரத்திலும் இருப்பவர்களைப் பிரெஞ்சில் தூண் என்றே சொல்வார்கள். நடுவில் இருப்பவன் நான். என் இரண்டு கையும் இரண்டு தூண்களின் தோள்மேல் கிடக்கும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கால் மட்டும்தான் என்னுடையது. பந்து வந்ததும் அந்தக் காலால் கொக்கி போட்டுப் பின்னால் தள்ள வேண்டும். பந்து போடுகிறவனுக்கு என் முகம் தெரியாது. அதனால் இடது தூணின் முதுகில் இருக்கும் என் விரலைப் பார்ப்பான். விரலால் தட்டினால் போடு என்று அர்த்தம்.

இப்போது டிவியில் பார்க்கிறேன். நடுவர் சொல்லச் சொல்லக் குனிகிறார்கள், பிடிக்கிறார்கள், சேர்கிறார்கள். அப்போது அதெல்லாம் கிடையாது. இரண்டு ஆட்டுக்கிடாய் முட்டுகிற மாதிரி வந்து மோத வேண்டும். நடுவில் இருப்பவன் தப்பாக மோதினால் அவனுக்குக் கழுத்துதான். அவன் கையை ஊன்ற முடியாது. அவனை விழாமல் பிடித்திருப்பது அந்த இரண்டு தூண்கள்தான். அதனால் முன்வரிசைக்காரனுக்கு ஒரே சட்டம். என்ன ஆனாலும் பிடித்த பிடியை விடக் கூடாது. நான் விட்டால் தூண் விழுவான். அவன் விட்டால் நான் விழுவேன்.

என் இடது தூண் மிஷேல். விவசாயி மகன். கை இரண்டும் உலக்கை. மூன்று வருடம் அவன் தோளில் தொங்கியிருக்கிறேன். அவனும் நானும் அதிகம் பேசியதில்லை. அவன் ஊர்ப் பிரெஞ்சு எனக்குப் புரியாது. என் பிரெஞ்சு யாருக்கும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆட்டம் இல்லாத ஞாயிறு என்றால் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைப்பேன். துடைத்ததை மறுபடி துடைப்பேன்.

தமிழ் பேசியது மெலேக்குள்தான்.

பக்கத்து மாவட்டத்தில் இன்னொரு பட்டாளம் இருந்தது. அவர்கள் அணியில் நடுவில் ஆடியவன் சவரிராயன். ஆரியாங்குப்பத்துப் பையன். என்னைவிட மூன்று வயது இளையவன். முதல் ஆட்டத்தில் முட்டிக் குனிந்ததும் என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"டேய், நீ புதுச்சேரியா? மூஞ்சப் பாத்தா தெரியுது. எந்த எடம்?"

"நெல்லித்தோப்பு" என்றேன்.

"டவுனா? அப்போ தள்றதுக்கு ஆள வச்சிருப்பியே, நீ எதுக்குடா வந்த?"

அதற்குள் பந்தைக் கொக்கி போட்டுக் கொண்டுபோய்விட்டான்.

அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மோதுவோம். ஒவ்வொரு மெலேயும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் பேச வேண்டும்.

"டேய் டவுனு, பூட்ஸ் கயிறு அவுந்துருக்கு பாரு."

"பாக்க மாட்டேன். தள்ளு."

"டேய், அங்க ஒங்கம்மா வந்து நிக்குது."

"டேய் போடாத. மூணு வயசு மூத்தவன்டா நான்."

"மெலேல ஏதுடா மூத்தவன்? எல்லாம் குனிஞ்சிதான நிக்கிறோம்."

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அங்கே தமிழ் பேசக் கூடாது. மேசையில் எல்லாருக்கும் புரிகிற பாஷைதான் பேச வேண்டும் என்பது காப்பித்தேன் போட்ட சட்டம். சவரியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, தயவுசெய்து உப்பை இந்தப் பக்கம் நகர்த்துங்கள், மிக்க நன்றி ஐயா என்று பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். சிரிப்பை அடக்க முடியாமல் அவன் ரொட்டியை வாயில் அடைத்துக்கொள்வான்.

காப்பித்தேன் கெட்டவர் இல்லை. அதட்டமாட்டார். ஒரு கேள்வியை ஒரு தடவைதான் கேட்பார். பதில் வரும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அரை மணி நேரம் ஆனாலும் நிற்பார். அதற்குப் பயந்தே ஆட்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆட்டம் பட்டாளங்களுக்குள் நடந்த இறுதிப்போட்டி. எதிரே சவரியின் அணி. மழை. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் நான்கு புள்ளி. நேரம் முடிகிற சமயம். அவர்கள் கோட்டுக்கு நாலைந்து அடி முன்னால் எங்களுக்கு மெலே கிடைத்தது. எட்டுப் பேரும் சேர்ந்து தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டால் கோப்பை எங்களுக்கு.

முட்டினோம். விரலால் தட்டினேன். பந்து வந்தது. கொக்கி போட்டேன். பின்னால் போய்விட்டது. தள்ளினார்கள். எதிர்ப்பக்கம் சறுக்கியது. நகர்ந்தோம். அப்போது சவரியின் தலை என் மார்புக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவன் மோவாய் அவன் நெஞ்சிலேயே குத்துகிற அளவுக்கு மடிந்திருந்தது. குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

"அண்ணா. கழுத்து."

ஜான்சி கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தக் காலத்தில் கத்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. பிரெஞ்சில் கழுத்து என்று கத்தினேன். பின்னால் ஐந்து பேர் நெருக்குகிறார்கள். நெஞ்சில் மூச்சு இல்லை. வாயில் சேறு. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

இடது கையை விட்டேன்.

மிஷேல் முகம் குப்புற விழுந்தான். மெலே அந்தப் பக்கமாகச் சுழன்று உடைந்தது. எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம். பந்து அவர்கள் கைக்குப் போனது. வெளியே உதைத்தார்கள். விசில்.

சவரி எழுந்தான். கழுத்தைத் தடவினான். அவன் ஆட்கள் ஜெயித்துவிட்டோம் என்று குதித்தார்கள். அவனும் கூட நடந்துபோனான். எங்கள் ஆட்கள் எல்லாரும் அவன் நடப்பதைப் பார்த்தார்கள்.

உடை மாற்றும் அறையில் மிஷேல் மூக்கில் ரத்தத்தோடு வந்து நின்றான். "விட்டுவிட்டாய்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். உன் ஊர்க்காரனுக்காகக் கொடுத்துவிட்டாய் என்று இன்னொருவன் சொன்னான். நான் பூட்ஸைக் கழற்றினேன்.

மறுநாள் காலையில் காப்பித்தேன் கூப்பிட்டார்.

"ஏன் விட்டாய்?"

"கழுத்து என்று சொன்னான்."

"வேறு யாருக்கும் கேட்கவில்லை."

"தமிழில் சொன்னான்."

"இதற்கு முன்னால் உன்னை ஏமாற்ற எதுவும் சொன்னதில்லையா?"

"சொல்லியிருக்கிறான். நிறைய."

"இது மட்டும் ஏமாற்று இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணா என்று கூப்பிட்டான் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் அது, 'பெரிய சகோதரன்' என்று வந்தது. காப்பித்தேன் யோசித்தார். பிறகு, "என் அணிப் பையன்கள் எல்லாரும் ஒருவரையொருவர் சகோதரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வருடமாக டேய் என்று கூப்பிட்டவன், வாய்க்கொழுப்பு பிடித்தவன், உயிர் போகிற நேரத்தில்தான் அப்படிக் கூப்பிடுவான் என்று சொல்லத் தெரியவில்லை. டேய் என்பதற்கே அவர்களிடம் வார்த்தை இல்லை. அவர் நின்றார். நானும் நின்றேன். கடைசியில் அவரே போ என்றார். பதில் வராமல் அவர் ஒருவனை அனுப்பியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. சவரியால் காலையில் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. வலது கை வரவில்லை. படம் எடுத்துப் பார்த்தால் கழுத்தெலும்பில் முறிவு. பட்டாள ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். கை திரும்புமா என்று யாருக்கும் தெரியாது.

இப்போதாவது நம்புவார்கள் என்று நினைத்தேன். மிஷேல் சாப்பாட்டு மேசைக்கு வந்து எதிரே நின்றான். "நீ விட்டதால்தான் மெலே உடைந்தது. உடைந்ததால்தான் அவனுக்கு ஒடிந்தது" என்றான்.

மிஷேல் சொன்னது போலவும் நடந்திருக்கலாம். சவரி கூப்பிட்டு நான் விட்டிருந்தால், அவனைக் காப்பாற்றினேன். அவன் கூப்பிடாமல் நான் விட்டிருந்தால், ஒடித்தது நான்.

கேட்டது எனக்குத் தெரியும். ஆனால் நாள் போகப் போக அதுவும் ஆட்டம் கண்டது. அந்த ஊரில் தெருவில் நடக்கும்போது யாரோ தமிழில் கூப்பிடுவது போல இருக்கும். திரும்பினால் ஒரு கிழவி நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அப்படிப் பல தடவை ஆகியிருக்கிறது. அந்த மெலேயிலும் அப்படித்தானோ? கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். நினைக்க நினைக்க அது சவரி குரல் மாதிரி இல்லாமல் என் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காப்பித்தேன் காரை நிறுத்தி, "ஏறு" என்றார். அடிபட்டவனை எதிரணி அதிகாரி போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒரு பை ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்திருந்தார்.

சவரி மல்லாந்து கிடந்தான். மோவாயிலிருந்து நெஞ்சுவரை மாவுக்கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. காப்பித்தேன் பழத்தை வைத்து, சீக்கிரம் குணமாக வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் பாஷையில் பேசுங்கள். நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார்.

"யாரு? டவுனா?"

"நான்தான்."

"மேல வந்து குனிடா. கூரைதான் தெரியுது. இன்னும் கொஞ்சம். ம்… இப்பவும் மூஞ்சி அசிங்கமாத்தான் இருக்கு."

"வலிக்குதா?"

"கேக்கறான் பாரு கேள்வி. கல்யாண ஊட்டுல படுத்துருக்கேன்னு நெனச்சியா?"

"கையி?"

"எடது வருது. சோத்துக் கை வரல. நர்ஸு ஊட்டி உடுது. ஊர்ல சொல்லிடாத. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அதையே கட்டி வச்சிடும்."

ஒரு பழத்தை உரித்து, சுளையை வாயில் வைத்தேன். மென்று விழுங்க நேரம் எடுத்தது.

"சவரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. எழுந்து ஓடவா போறேன்?"

"அன்னிக்குக் கடைசி மெலேல எங்கிட்ட என்ன சொன்ன?"

"கடைசி மெலேவா? மழ பேஞ்சிது. நீங்க நல்லா தள்ளிக்கினு வந்தீங்க. அப்புறம் பஸ்ஸுல ஒக்காந்துருந்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல."

"கழுத்துன்னு சொன்ன."

"சொன்னனா?"

"அண்ணான்னு கூப்ட்ட."

சிரிக்கப் பார்த்தான். கட்டு இழுத்துப் பிடித்தது. "போடா. ஒன்னயா? ஒம் மூஞ்சிக்கா? செத்தாலும் கூப்ட மாட்டேன்."

அவன் கண் என் முகத்திலேயே இருந்தது. வேறு எங்கும் அதைத் திருப்ப முடியாது.

"அதுக்கா டீம்லருந்து எடுத்துட்டாங்க ஒன்ன? நர்ஸு சொல்லிச்சு, யாரோ நம்ம ஊரு ஆளு உட்டுட்டான்னு."

"ம்."

"காப்பித்தேனக் கூப்டு. நான் சொன்னேன்னு சொல்லிடறேன். ஞாபகம் வந்துட்டுதுன்னு சொல்றேன். என்னடா கெட்டுப்போச்சு?"

"ஞாபகம் வந்துட்டுதா?"

"இல்ல."

"அப்போ வேணாம்."

"புடிவாதம் புடிச்ச கய்தடா நீ. சரி, இன்னொரு சுளை குடு."

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மலைப் பாதை. காப்பித்தேன் விளக்கைப் போட்டார். பாதி வழியில் கேட்டார்.

"என்ன சொன்னான்?"

என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. தமிழ் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஞாபகம் இல்லை என்றான்."

காப்பித்தேன் ஓட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்தார்.

"சொன்னதாகச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்."

ஒரு ஊர் போனது. இன்னொரு ஊர் போனது. பட்டாள வாசலில் நிறுத்தினார். நான் கதவைத் திறந்தேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வா" என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். காப்பித்தேன் மற்றவர்களிடம் என்ன சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மிஷேல் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தோம். என் கை அவன் முதுகில் போனதும், தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.

சவரியின் கை பாதிதான் திரும்பியது. அவனைக் கிடங்கு வேலைக்கு வடக்கே மாற்றினார்கள். அங்கேயே குடும்பமாகிவிட்டான். எப்போதாவது போனில் பேசுவோம். அந்த மெலேயைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அடுத்த பருவத்தில் அந்தப் பட்டாளத்தோடு மறுபடி ஆடினோம். அவன் இடத்தில் ஒரு பிரெஞ்சுப் பையன் நின்றான். முட்டிக் குனிந்தோம். ஏதாவது சொல்வான் என்று என் காது காத்திருந்தது. அவன் மூச்சு மட்டும் கேட்டது. விரலால் தட்டினேன். பந்து உள்ளே வந்தது.